புது வீடு எப்போ நம்ம வீடாகும்?

நீங்க கடைசியா எப்போ வீடு மாறினீங்க? ஹாஸ்டல்ல ரூம் மாறினதைக் கேக்கல. அம்மா, அப்பா, மிக்ஸி, கிரைண்டர், பழைய பீரோ, சாமி படம் எல்லாத்தையும் குட்டி யானையில ஏத்திக்கிட்டு, கடைசியா துளசிச் செடியை மடியில வச்சுக்கிட்டு போன மாதிரியான மாற்றம்.

எங்க வீட்டுல அது போன மே மாசம் நடந்துச்சு. மதுரை சிம்மக்கல் பக்கத்துல ஒரு காம்பவுண்டு வீட்டுல பத்தொன்பது வருஷம் குடியிருந்தோம். வீட்டுக்காரர் இடத்தை விக்கப் போறேன்னு சொல்லிட்டார். அய்யர் பங்களா தாண்டி ஒரு மாடி வீடு கிடைச்சது. ஆறாவது செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநாளே நான் ஊருக்குப் போய், ரெண்டு நாள்ல எல்லாத்தையும் மாத்தி முடிச்சோம். பால் காய்ச்சியாச்சு. ஃபேன், லைட் மாட்டியாச்சு. வைஃபை கூட வந்தாச்சு. வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டமார்னு ஒரு சத்தம். எங்க அப்பத்தா பாத்ரூம் போக எந்திரிச்சவங்க, பீரோவுல முட்டி கீழ விழுந்து கிடந்தாங்க. வலது மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கும்போது அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஏன்ய்யா, பாத்ரூம் இந்தப் பக்கந்தான இருந்துச்சு?"

அந்தக் கட்டிலை அந்த மூலையில போட்டது நான். "இங்கதான் இடம் கரெக்டா ஃபிட் ஆகுது"ன்னு டேப் வச்சு அளந்து பெருமையா போட்டேன். அதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு வீடு நமக்குப் பழகுறதுன்னா உண்மையில என்ன நடக்குது? ஏன் உடனே நடக்க மாட்டேங்குது? நம்ம என்ன செஞ்சா அது சீக்கிரம் நடக்கும்? படிச்சதையும் பட்டதையும் சேர்த்து இங்க எழுதுறேன். நம்மள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் வேலைக்குன்னு வேற ஊருக்குப் போய் வீடு தேடப் போறோம். யாருக்காவது உதவும்.

மண்டைக்குள்ள ஒரு மேப்

கண்ணை மூடிக்கிட்டு உங்க வீட்டை நினைச்சுப் பாருங்க. படுக்கையில இருந்து ஃப்ரிட்ஜுக்கு எத்தனை அடி? எங்க திரும்பணும்? எண்ணிப் பார்க்காமலே உங்களால நடக்க முடியும். மூளைக்குள்ள அந்த வீட்டோட வரைபடம் ஒண்ணு இருக்கு.

இது சும்மா உவமை இல்ல. 1971-ல ஜான் ஓ'கீஃப்ங்கிற விஞ்ஞானி, எலியோட மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியில சில நரம்பு செல்களைக் கண்டுபிடிச்சார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தா மட்டும் ஒரு செல் துடிக்கும். வேற இடத்துக்குப் போனா வேற செல். அதுக்கு 'பிளேஸ் செல்'னு பேர். 2005-ல நார்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ரெண்டு பேரும் அதுக்குப் பக்கத்துப் பகுதியில 'கிரிட் செல்' கண்டுபிடிச்சாங்க. கிராஃப் பேப்பர்ல கட்டம் போட்ட மாதிரி, தூரத்தையும் திசையையும் கணக்கு வைக்கிற செல்கள் அவை. ஆனா கட்டம் சதுரம் இல்ல, முக்கோண, அறுகோண வடிவம். இந்த மூணு பேருக்கும் 2014-ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது.

புது இடத்துக்குப் போனா இந்த செல்கள் புதுசா ஒரு மேப் போட ஆரம்பிக்கும். எலிக்கு சில நிமிஷத்துலயே போட ஆரம்பிச்சுடுது. அப்புறம் ஏன் நமக்கு இவ்வளவு நாள் ஆகுது?

ஏன்னா மேப் மட்டும் போதாது. பகல்ல முழிச்சுக்கிட்டு நடக்கும்போது நம்ம யோசிச்சு நடக்குறோம். 'பாத்ரூம் இப்போ வலது பக்கம்'னு ஞாபகம் வச்சுத் திரும்புறோம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பாதித் தூக்கத்துல எந்திரிக்கும்போது யோசிக்கிற வேலை நடக்கிறதில்ல. பழக்கம்தான் உடம்பை ஓட்டுது. பைக்கோட கியரை யோசிக்காம மாத்துறோம்ல, அதே மாதிரி. இந்தப் பழக்கத்தைக் கவனிச்சுக்கிறது மூளையில வேற ஒரு பகுதி, பேசல் கேங்லியா. அதுக்குப் புது மேப் பத்திக் கவலை இல்ல. பத்தொன்பது வருஷமா ஓடின புரோகிராமைத்தான் அது ஓட்டும்.

பழைய வீட்டுல அப்பத்தா கட்டில்ல இருந்து இடது பக்கம் இறங்கி, இடது பக்கமே திரும்பி, பன்னிரண்டு அடி நடந்தா பாத்ரூம். புது வீட்டுல நான் போட்ட கட்டிலுக்கு வலது பக்கம்தான் இறங்க முடியும். பாத்ரூமும் வலது பக்கம். ஆனா கால் இடது பக்கமே திரும்புச்சு. அங்க இருந்தது பீரோ.

நமக்கும் இது நடக்குது, ஆனா விழாம தப்பிச்சுடுறோம். புது வீட்டுல ஒரு மாசம் நான் பாத்ரூம் லைட் சுவிட்சைத் தப்பான சுவத்துலதான் தேடுனேன். எங்க அம்மா உப்பு டப்பாவுக்கு இல்லாத ஷெல்ஃபை நோக்கிக் கை நீட்டுவாங்க. சிரிச்சுக்கிட்டோம். வயசானவங்களுக்கு மட்டும் அது சிரிக்கிற விஷயம் இல்ல. வயசாக ஆக புது இடத்தைக் கத்துக்கிற வேகம் குறையும். இருட்டுக்குக் கண் பழக நேரம் அதிகம் எடுக்கும். படுத்திருந்து சட்டுன்னு எந்திரிச்சா பிரஷர் இறங்கி தலை சுத்தும். இந்த மூணும் ஒரே ராத்திரியில சேர்ந்துச்சு.

முதல் ராத்திரி ஏன் தூக்கம் வரல?

புது இடத்துல முதல் ராத்திரி தூக்கம் சரியா வராதுன்னு நம்ம பாட்டி காலத்துல இருந்து சொல்றாங்க. தூக்கத்தை ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் இது ரொம்ப நாளாத் தெரியும். லேபுல தூங்க வர்றவங்களோட முதல் நாள் ரீடிங்கை ஒதுக்கி வைக்கிற வழக்கமே உண்டு. 'முதல் இரவு விளைவு'ன்னு அதுக்குப் பேரு. (நீங்க நினைக்கிறது இல்ல!)

2016-ல அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்துல ஒரு குழு இதுக்குக் காரணம் தேடுனாங்க. புது இடத்துல முதல் ராத்திரி ஆழ்ந்த தூக்கத்துலயும் மூளையோட இடது பாதி, வலது பாதி அளவுக்கு ஆழமாத் தூங்கலன்னு தெரிஞ்சது. வழக்கத்துக்கு மாறான சின்ன சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் அதிகமா அசைஞ்சு கொடுத்துச்சு. ஒரு வாரம் கழிச்சு அதே இடத்துல திரும்பத் தூங்க வச்சப்போ அந்த வித்தியாசம் இல்ல.

அதாவது மூளை ஒரு வாட்ச்மேனை டியூட்டியில போட்டுட்டுத் தூங்குது. புது வீட்டுல எந்த சத்தம் சாதாரணம், எந்த சத்தம் ஆபத்துன்னு அந்த வாட்ச்மேனுக்குத் தெரியாது. சிம்மக்கல்ல விடிய விடிய பஸ் சத்தம், லோடு இறக்குற சத்தம். அதுல நல்லாத் தூங்குனவங்கதான் நாங்க. புது வீட்டுல அமைதி. ஆனா மோட்டார் ஓடி டேங்க் நிறைஞ்சு தண்ணி வழியுற சத்தத்துக்கெல்லாம் முழிப்பு வந்துச்சு.

இதுக்கு எளிமையான வழி: தெரிஞ்ச பொருளைச் சுத்தி வச்சுக்கிறது. புது வீட்டுக்குப் புது பெட்ஷீட், புது தலகாணின்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. முதல் வாரம் பழைய போர்வை, பழைய பாய், அதே டேபிள் ஃபேன். அந்த ஃபேன் சத்தமே பாதி வீடு.

காலி வீட்டோட எக்கோ

சாமான் இறக்குறதுக்கு முன்னாடி காலி ரூமுல பேசிப் பாத்திருக்கீங்களா? கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். "இது யாரோட வீடோ"ன்னு தோண வைக்கிறதுல அந்த எக்கோவுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன். இதுக்கு ஃபார்முலா இருக்கு. ஹார்வர்டுல வாலஸ் சபைன்ங்கிற இயற்பியல் பேராசிரியர், பேச்சே புரியாம எதிரொலிச்ச ஒரு லெக்சர் ஹாலைச் சரி பண்ண, பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட் குஷன்களைத் தூக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா வச்சு அளந்து பாத்தார். அதுல கிடைச்சதுதான் இந்தச் சமன்பாடு: எதிரொலி அடங்குற நேரம் = 0.161 × ரூமோட கன அளவு ÷ ரூமுல இருக்கிற மொத்த ஒலி உறிஞ்சல்.

எங்க பெட்ரூமுக்குப் போட்டுப் பாத்தேன். 3 மீட்டர், 3.6 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு 32.4 கன மீட்டர். சுவர், தரை, சீலிங் எல்லாம் சேர்த்து 61 சதுர மீட்டர். பூசின சுவரும் டைல்ஸும் படுற சத்தத்துல 2 சதவீதத்தைத்தான் உறிஞ்சும்னு வச்சா, கதவு ஜன்னலைச் சாத்தின காலி ரூமுல எதிரொலி அடங்க 4 வினாடிக்கு மேல ஆகும். மெத்தை, துணி, கொடியில போர்வை, ஜன்னலுக்குப் பழைய சேலையில தச்ச திரை எல்லாம் வந்த பிறகு உறிஞ்சல் 8 சதுர மீட்டர் ஆச்சுன்னு வைங்க, 0.65 வினாடிதான். தோராயக் கணக்குதான், ஆனா காது அந்த வித்தியாசத்தை உடனே பிடிக்கும். அதனால புது வீட்டுல முதல்ல பிரிக்க வேண்டியது துணி மூட்டை. டிவி அப்புறம் பாத்துக்கலாம்.

வீட்டோட உடம்பைப் படிங்க

நம்ம வீட்டுக்குப் பழகுறது ஒரு பக்கம். அந்த வீட்டோட தண்ணி, கரண்ட், கேஸை நம்ம தெரிஞ்சுக்கிறது இன்னொரு பக்கம். இது நம்ம ஏரியா. இன்ஜினியரிங் படிக்கிறோம்னு வீட்டுல சொல்லிக்கிறதுக்கு இங்கதான் வாய்ப்பு.

தண்ணி. குடிவந்த ரெண்டாவது நாள் அப்பத்தா, "இந்த வீட்டுல பருப்பு வேகல"ன்னாங்க. வீடு பிடிக்காததால குறை சொல்றாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். அவங்க சொன்னது சரி. பழைய வீட்டுல கார்ப்பரேஷன் தண்ணி, இங்க போர் தண்ணி. கடின நீர்ல இருக்கிற கால்சியம், பருப்போட செல் சுவர்ல இருக்கிற பெக்டினைக் கெட்டிப்படுத்திடும். அதனால வேக நேரம் ஆகும். சோப்பு நுரைக்காததுக்கும், ஹீட்டர் ராடுல வெள்ளையாப் படியுறதுக்கும் இதே கடினத்தன்மைதான் காரணம்.

காலேஜ் லேபுல ஒரு பாட்டில் கொண்டுபோய்ப் பாத்தேன், டி.டி.எஸ். 1,240 வந்துச்சு. இந்திய தரக் கட்டுப்பாட்டு அமைப்போட குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏத்துக்கலாம்னு சொல்லுது. வேற தண்ணியே கிடைக்காதப்போ 2,000 வரை. கடினத்தன்மைக்கு இந்த எண்கள் 200, 600. அதனால சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணி, மத்ததுக்குப் போர் தண்ணின்னு பிரிச்சோம். அன்னைக்கே பருப்பு வெந்துச்சு. அப்பத்தா என்னைப் பாத்த பார்வையில "படிச்சவன் லட்சணம்"னு இருந்துச்சு.

இன்னொண்ணு. ஷவர்ல தண்ணி சொட்டுதுன்னு அப்பா பிளம்பரைக் கூப்பிடப் போனார். நான் தடுத்தேன். எங்களுது மாடி வீடு. டேங்க் எங்க தலைக்கு மேலயே இருக்கு. தண்ணி நிக்கிற மட்டத்துக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் ரெண்டு மீட்டர் கூட வராது. ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 0.1 பார் அழுத்தம்தான். 0.2 பார்ல ஷவர் எப்படிப் பொழியும்? கீழ் வீட்டுல அதே டேங்க் தண்ணி வேகமா வரும், ஏன்னா அவங்களுக்கு இன்னும் மூணு மீட்டர் கூடுதல். பைப்புல அடைப்பு இல்ல, இயற்பியல்தான். வாளியும் சொம்பும் போதும்.

கரண்ட். குடிவந்த அன்னைக்கே மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து வைங்க. முன்னாடி இருந்தவங்க ஓட்டின யூனிட் உங்க பில்லுல வரலாம். தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல்ல கொஞ்சம் யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ் அடுக்குக்கே வேற கணக்கு வந்துடும். அதனால 490-க்கும் 510-க்கும் நடுவுல பில் ஒரு குதி குதிக்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்னா 27 யூனிட். மூணு ஃபேன் இருக்கிற வீட்டுல என்ன மிச்சம்னு நீங்களே போட்டுக்குங்க.

காசை விட முக்கியம் பாதுகாப்பு. மெயின் போர்டைத் திறந்து பாருங்க. எம்.சி.பி. பெரும்பாலான வீட்டுல இருக்கும். அது ஒயரைக் காப்பாத்தும். மனுசனைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இல்லன்னா, அதாவது நடுவுல யாரோ ஒருத்தர் உடம்பு வழியா பூமிக்குக் கசியுதுன்னா, அது கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. அதுல 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா டக்குன்னு விழணும். விழலன்னா அது வெறும் பொம்மை. எங்க புது வீட்டுல அது இல்லவே இல்ல. வீட்டுக்காரர் முதல்ல "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல"ன்னார். பாத்ரூம்ல ஹீட்டர் இருக்கு, வீட்டுல வயசானவங்க இருக்காங்கன்னு அப்பா பொறுமையா எடுத்துச் சொன்ன பிறகு, பாதிப் பாதி செலவுல மாட்டினோம். மூணு பின் பிளக்குல எர்த் பின் மட்டும் ஏன் நீளமா, தடியா இருக்கு தெரியுமா? செருகும்போது அது முதல்ல தொடணும், பிடுங்கும்போது கடைசியா விடணும். அந்தப் பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகுற பழக்கத்தை மட்டும் புது வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

கேஸ். எல்.பி.ஜி. காத்தை விட கனம். கசிஞ்சா தரையோட தங்கும், மேல போகாது. அதனால சமையல் ரூமுல கதவுக்குக் கீழ காத்து போக வழி இருக்கான்னு பாருங்க. சிலிண்டரை நிமிர்த்தியே வைக்கணும், அடுப்பு அதை விட உயரமான மேடையில இருக்கணும். வண்டியில ஆடி வந்த ட்யூபை அப்படியே மாட்டாம, வெடிப்பு இருக்கான்னு வளைச்சுப் பாருங்க. சிலிண்டர் கழுத்துல ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும், 'சி-28' மாதிரி. ஏ, பி, சி, டி நாலும் வருஷத்தோட நாலு காலாண்டு. சி-28-னா 2028 ஜூலை முதல் செப்டம்பருக்குள்ள அந்த சிலிண்டரைத் திரும்ப டெஸ்ட் பண்ணணும்னு அர்த்தம். தேதி தாண்டினதை வாங்காதீங்க. வாசனை வந்தா சுவிட்ச் எதையும் போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளிய வந்து 1906-க்குக் கூப்பிடுங்க. வேலைக்குப் போய் பேச்சுலரா தங்கப் போறவங்களுக்கு ஒரு தகவல்: 5 கிலோ சின்ன சிலிண்டருக்கு அட்ரஸ் ப்ரூஃப் தேவையில்லை.

அப்பத்தாவோட கட்டில்

மாவுக்கட்டோட வீட்டுக்கு வந்த அன்னைக்கு எனக்கு ஏதாவது செஞ்சே ஆகணும்னு இருந்துச்சு. நம்ம புத்தி எங்க போகும்? பி.ஐ.ஆர். சென்சார், ஒரு ரிலே, எல்.இ.டி. ஸ்ட்ரிப் வாங்கி, ஆள் அசைஞ்சா தானா எரியுற லைட் செஞ்சேன். மூணாவது செமஸ்டர் மினி புராஜெக்ட்ல செஞ்சதுதான்.

முதல் ராத்திரி அது படுதோல்வி. அந்த சென்சார் உடம்போட வெப்பம் நகர்றதைத்தான் பாக்குது. ஆனா பகல் சூடு ஏறின ஜன்னல் திரை ஃபேன் காத்துல ஆடினாலும் அதுக்கு ஆள் நடக்குற மாதிரிதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லைட் எரிஞ்சு அணைஞ்சுது. "என்னய்யா, பேய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியா"ன்னாங்க. அப்புறம் சென்சார் மேல இருக்கிற ரெண்டு திருகுல சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு, எரியுற நேரத்தைக் கூட்டி, முழங்காலுக்குக் கீழ, ஜன்னல் பக்கம் பாக்காத மாதிரி மாட்டினேன். வெளிச்சத்தையும் வெள்ளையில இருந்து மங்கின மஞ்சளுக்கு மாத்தினேன். கண் கூசல.

ஆனா உண்மையா வேலை செஞ்சது அது இல்ல. எங்க அம்மா சொன்னாங்க, "கட்டிலைத் திருப்பிப் போடுடா." தலை வைக்கிற பக்கத்தை மாத்தி, கட்டிலைச் சுவத்துல இருந்து தள்ளிப் போட்டோம். இப்போ அப்பத்தா இடது பக்கம் இறங்கி, இடது பக்கம் திரும்பினா நேரா பாத்ரூம். பழைய வீட்டுல எப்படியோ அப்படியே. அடி எண்ணிக்கை மட்டும் பன்னிரண்டுக்குப் பதிலா ஒன்பது. பீரோ வேற ரூமுக்குப் போச்சு. ரூமுல இடம் கொஞ்சம் இடைஞ்சல்தான். என் டேப் அளவுப்படி பாத்தா தப்பான இடம்.

புது வீட்டுக்கு அவங்க மூளையைப் பழக்கணும்னு நான் யோசிச்சேன். அம்மா, வீட்டை அவங்க பழக்கத்துக்கு மாத்தினாங்க. எழுபத்தெட்டு வயசுல எது சுலபம்? இந்தக் கேள்வியை நான் சாமான் இறக்கும்போதே கேட்டிருக்கணும். கட்டில் போடுறதுக்கு முன்னாடி அவங்களைக் கூப்பிட்டு, "ராத்திரி எந்திரிச்சா எந்தப் பக்கம் இறங்குவீங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த வலது கையாலதான் அவங்க முப்பது வருஷமா பூ கட்டினாங்க. கட்டு பிரிச்சாச்சு. ஆனா இப்பவும் நாலு முழம் தாண்டினா வலிக்குதுங்கிறாங்க.

எத்தனை நாள் ஆகும்?

லண்டன்ல யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு புதுச் செயல் யோசிக்காமலே செய்யுற பழக்கமா மாற எவ்வளவு நாள்? சராசரியா 66 நாள். ஆனா ஆளைப் பொறுத்து, செயலைப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரை போச்சு. '21 நாள்ல பழக்கம் வரும்'னு ரீல்ஸ்ல சொல்றதை நம்பாதீங்க. புது வீட்டுல ரெண்டு மாசம் சுவிட்ச் தேடினா உங்க மேல தப்பு இல்ல.

சுவிட்ச் பழகிடும். மனுசங்க பழகுறதுதான் லேட். காம்பவுண்டு வீட்டுல எட்டுக் குடும்பம், ஒரே குழாயடி. கதவு பகல்ல சாத்தினதே இல்ல. இங்க எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. முதல் மாசம் அப்பத்தா சாயங்காலமானா மாடிப்படியில உக்காந்து தெருவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. "வீட்டுக்கு எப்பப் போறோம்"னு ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. ஞாபக மறதியோன்னு அப்பா பயந்துட்டார். மறதி இல்ல. எந்த வீட்டுல இருக்கோம்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். வீடுன்னு அவங்க சொன்னது ஆளுங்களை.

கீழ் வீட்டு ஆச்சி ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க. மாவுக்கட்டைப் பாத்து விசாரிச்சாங்க. மறுநாள் எங்க அம்மா கொழுக்கட்டை கொடுத்து விட்டாங்க. அந்தக் கிண்ணம் காலியாத் திரும்பல, முறுக்கோட வந்துச்சு. இப்போ சாயங்காலம் அஞ்சரைக்கு ரெண்டு பேரும் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போறாங்க. அங்க இன்னும் நாலு பேர் சேர்ந்திருக்காங்க. ஆனாலும் பேச்சுல "நம்ம வீடு"ன்னு அப்பத்தா சொன்னா, அது இன்னும் சிம்மக்கல்தான். அந்த காம்பவுண்டை இடிச்சுட்டாங்கன்னு நாங்க இன்னும் அவங்ககிட்ட சொல்லல. சொல்லணுமா வேணாமான்னு வீட்டுல ஒரு முடிவுக்கு வரல.

நீங்க வீடு மாறப் போறீங்கன்னா

முதல் நாளே செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிடுறேன்.

1. வீட்டுல இருக்கிற பெரியவங்க கட்டிலுக்கு முதல்ல இடம் பாருங்க. பழைய வீட்டுல எந்தப் பக்கம் இறங்குவாங்க, எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு அவங்களையே கேளுங்க. பாத்ரூம் போற வழியில ஒரு பொருள் இருக்கக் கூடாது.

2. அந்த வழியில சாயங்காலம் வெளிச்சத்துல ஒரு தடவை, லைட்டை அணைச்சுட்டு ஒரு தடவை அவங்க கூட நடந்து பாருங்க. ஒரு வாரம் தினமும். எந்திரிச்சதும் ஒரு நிமிஷம் உக்காந்துட்டுக் கிளம்பச் சொல்லுங்க.

3. ராத்திரி லைட்டுக்கு சென்சார் எல்லாம் வேணாம். ஒரு ஜீரோ வாட் பல்பு போதும்.

4. மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், உடைஞ்ச டைல்ஸ், ஒழுகுற குழாய் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, அன்னைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பி வைங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கழிக்கிற சண்டை வராது.

5. மெயின் சுவிட்ச், டேங்க் வால்வு, கேஸ் ரெகுலேட்டர் மூணும் எங்க இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் காட்டுங்க. ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்திப் பாருங்க.

6. பழைய போர்வை, பழைய டம்ளர், பழைய காலண்டர். புதுசு எல்லாம் அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.

7. பக்கத்து வீட்டுல ஏதாவது கடன் கேளுங்க. சர்க்கரை, ஏணி, சுத்தியல், எதுவானாலும் சரி. வீட்டுலயே இருந்தாலும் கேளுங்க.